எர்த்ஸீ வரிசையின் பிற்பாதி: ஒரு வாசகியின் மனத்தாங்கலுக்குப் பதில்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில் நடப்பதாக எழுதிய நாவல்களில் முதல் மூன்றையும் பள்ளி நாட்களில் வாசித்து, அவற்றைத் தம் மனத்துக்கு மிக நெருங்கிய புத்தகங்களாகக் கருதிவந்த ஒரு வாசகி, பல ஆண்டுகளுக்குப் பிறகு நான்காம் நூலான 'டெஹானு'வை எடுத்துப் பாதியில் மூடி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கடலையும் காற்றையும் ஆண்ட மந்திரவாதி கெட், ஆற்றலெல்லாம் வற்றிப்போய் ஆடு மேய்க்கப் போவதைப் படிக்கத் தமக்கு மனம் ஒப்பவில்லை என்கிறார். அதே நூலில் முகத்தின் ஒரு பக்கம் தீயில் வெந்துபோன சிறுமி தெர்ருவை மறக்கவும் முடியவில்லை என்கிறார். முதல் மூன்று நூல்களைத் திரும்ப எடுத்தபோது, சிறு வயதில் உறுத்தாத சில வரிகள், குறிப்பாகப் பெண்களைப் பற்றியவை, இப்போது உறுத்துகின்றன என்பதும் அவருடைய மனத்தாங்கல். இந்த வரிசை தம்மைக் கைவிட்டுவிட்டதா, தாம்தான் அதைச் சரியாக வாசிக்கவில்லையா, மீதமுள்ள நூல்களைத் தொடரலாமா என்று கேட்கிறார்.

தொடரலாம் என்பதே என் பதில். ஆனால் நிறுத்திய பக்கத்திலிருந்தே தொடர வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கும் இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று நூல்களின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பது ஒரு குறை. நான்காம் நூல் அந்த உலகத்தின் பெருமையைக் குலைத்துவிட்டது என்பது இன்னொரு குறை. முதல் குறைக்கு ஆசிரியரே எழுதிய பதில்தான் நான்காம் நூல் என்பதால், ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றொன்றுக்காக நூலை ஒதுக்கிவிடுவது எளிதல்ல. அதற்காக 'டெஹானு'வும் அதற்குப் பின் வந்தவையும் குறையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆறாம் நூலோடு எனக்கு இன்றுவரை தீராத ஒரு வழக்கு உண்டு.

இந்த வரிசை உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தெளியும். முடிவு இன்னதென்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு எழுதப்பட்ட தொடர் இது இல்லை. 1964-இல் ஓர் அமெரிக்க இதழில் வெளிவந்த இரண்டு சிறுகதைகளில்தான் இந்தத் தீவுகளும், ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவர் அதை ஆளலாம் என்ற விதியும் முதன்முதலில் தலைகாட்டின. 1967-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருந்த பர்னாசஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகத்தை நடத்திய ஹெர்மன் ஷைன், பதின்வயதினருக்காக ஒரு நூல் எழுதித் தரும்படி லெ குவினைக் கேட்டார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் நரைத்த தாடியோடு கிழவர்களாகவே இருக்கிறார்களே, அவர்கள் இளைஞர்களாக இருந்தபோது என்ன செய்தார்கள், தங்கள் வித்தையை எங்கே கற்றார்கள் என்ற கேள்வியிலிருந்து 1968-இல் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' வெளிவந்தது. 1971-இல் வந்த 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' அடுத்த ஆண்டு, சிறுவர் நூல்களுக்கான நியூபெரி விருதின் சிறப்பு நூலாகத் தேர்வு பெற்றது. 1972-இல் வந்த 'த ஃபார்தெஸ்ட் ஷோர்' அமெரிக்க தேசிய நூல் விருதை 1973-இல் பெற்றது. பிறகு பதினெட்டு ஆண்டுகள் எர்த்ஸீ நாவல் எதுவும் இல்லை. 1990-இல், எர்த்ஸீயின் கடைசி நூல் என்ற துணைத்தலைப்போடு 'டெஹானு' வந்தது. அதுவும் கடைசியாக இருக்கவில்லை. 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' என்ற கதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' என்ற நாவலும் 2001-இல் வந்தன. முதல் நூல் வந்தபோது நாற்பதை எட்டாதவராக இருந்த ஆசிரியர், ஆறாம் நூல் வந்தபோது எழுபதைக் கடந்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய நாட்டில் பெண்கள் தங்களைப் பற்றி எண்ணும் முறையே மாறிப்போனது. அந்த மாற்றத்தில் அவரும் இருந்தார். அவர் எழுதியவற்றை ஒரே மனத்தின் ஒரே திட்டம்போல வாசித்தால் ஏமாற்றம் வரத்தான் செய்யும்.

முதல் நூல் உங்களுக்கு ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதை நீங்கள் விரிவாக எழுதவில்லை. என் எண்ணத்தைச் சொல்கிறேன். இளையோருக்கான மிகைபுனைவுக் கதைகள் பெரும்பாலும் வெளியே இருக்கும் ஒரு தீய ஆற்றலை எதிர்த்துப் போரிடுவதில் முடிகின்றன. இந்நூல் அப்படி முடிவதில்லை. கோன்ட் தீவில் வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த சிறுவன் கெட், பொறாமையாலும் செருக்காலும், சக மாணவன் ஜாஸ்பருக்குத் தன் திறமையைக் காட்டுவதற்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். அப்போது உலகில் நுழைந்துவிடும் நிழல் அவனைத் துரத்துகிறது. குரு ஆஜியன் சொன்னபடி ஓடுவதை நிறுத்தி அவனே அதைத் துரத்தத் தொடங்குகிறான். கடைசியில், எந்த நிலமும் இல்லாத கடலின் ஓரத்தில், அந்த நிழலைத் தன் சொந்தப் பெயராலேயே அழைத்துத் தழுவிக்கொள்கிறான். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, அவன் முழுமையடைந்தான் என்பதோடு அந்தக் கதை முடிகிறது. பதினான்கு வயதில், தன் குற்றங்களுக்கு யாரையாவது பழி சொல்லத் துடிக்கும் பருவத்தில், இப்படி ஒரு கதையைப் படித்த ஒருவர் அதை எப்படி மறப்பார்?

அந்த உலகத்தின் மனிதர்களையும் இங்கே சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் கறுப்பு நிறத்தவன். தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோர் மாநிறத்தவர் அல்லது கறுப்பர். வெள்ளை நிறத்தவர்களான கார்க் இனத்தார், கதையின் தொடக்கத்தில் கொள்ளையடிக்க வரும் படையினராகவே தோன்றுகிறார்கள். 1968-இல் இத்தகைய கதையின் நாயகனை இப்படிப் படைத்தது துணிவான செயல். ஆனாலும் பல அட்டைப்படங்களில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தார்கள். 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட குறுந்தொடரிலும் வெள்ளை நிற நடிகரே கெட்டாக நடித்தார். லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். நிறத்தைப் பொறுத்தவரை வழக்கத்தை உடைத்த அதே ஆசிரியர், பெண்களைப் பொறுத்தவரை வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் என்பதுதான் உங்கள் இரண்டாம் வாசிப்பில் உறுத்தியது. அந்த உறுத்தல் நியாயமானது.

பாருங்கள்: முதல் நூலின் தொடக்கத்திலேயே, பெண்களின் மந்திரம் வலுவற்றது என்றும் தீயது என்றும் சொல்லும் இரண்டு கோன்ட் பழமொழிகள் வருகின்றன. கெட்டுக்கு முதல் சொற்களைக் கற்றுத்தருபவள் அவனுடைய சூனியக்காரச் சித்திதான். ஆனால் அவளுடைய அறிவு அரைகுறையானது என்று கதை நமக்குச் சொல்லிவிடுகிறது. செரெட் அவனை மயக்கிச் சிக்கவைக்க வருபவள். 'யாரோ' என்ற பெயருடைய வெட்சின் தங்கை, அடுப்படியில் இருக்கும் அன்பான சிறுமி. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஒன்பது ஆசான்களும் ஆண்கள், மாணவர்களும் ஆண்கள். மந்திரவாதி ஆனவர் பெண்ணின்றித் தனித்தே வாழ்கிறார். ஏன் அப்படி என்று அந்த நூலில் யாரும் கேட்பதில்லை. மூன்றாம் நூலிலும் பெண்கள் ஏறக்குறைய இல்லை. ஆரென் என்ற இளவரசனும் கெட்டும் படகில் உலகத்தின் மேற்குக் கோடி வரை போகும் கதை அது.

இடையில் வரும் 'அட்டுவான்' மட்டும் வேறு. ஐந்து வயதில் தாய்வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, இருளில் வாழும் பெயரற்ற சக்திகளுக்கு அர்ச்சகியாக வளர்க்கப்படும் டெனாரின் கதை. விளக்கே ஏற்றக்கூடாத நிலவறைகளைக் கைத்தடவலில் கற்றுக்கொள்ளும் அந்தச் சிறுமி, ஒருநாள் அங்கே ஒளியைப் பார்க்கிறாள். அந்த ஒளியோடு நிற்கும் அந்நியன் கெட். அவனைச் சிறைப்படுத்திச் சாகவிட வேண்டிய கடமை அவளுடையது. அவள் அதைச் செய்யாமல் விடுவதும், விட்ட பிறகு விடுதலையின் பாரம் தாங்காமல் அழுவதும் இந்த வரிசையிலேயே மிக நுட்பமாக எழுதப்பட்ட பகுதிகள் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு அவளுக்கு என்ன ஆனது? ஹாவ்னோர் நகரத்து வெண்ணிறத் தெருக்களில் கெட்டின் கையைப் பிடித்தபடி, வீடு திரும்பும் குழந்தையைப்போல நடந்து செல்கிறாள். அத்தோடு புத்தகம் முடிகிறது. மூன்றாம் நூலில் அவளைக் காணவே இல்லை. இவ்வளவு பெரிய மனம் படைத்த ஒரு பெண்ணை மீட்டுக்கொண்டு வந்த கதைக்கு, அவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. வீரக்கதை மரபு ஆண்களுடைய மரபாக இருந்ததையும், அதற்குள் நின்றபடியே தாம் அந்த நூல்களை எழுதியதையும் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெ குவினே ஒளிவுமறைவின்றி விளக்கினார்.

'டெஹானு' அந்தப் பதில் இல்லாத கேள்விக்கான பதில். டெனார் ஆஜியனிடம் சிலகாலம் கற்றிருக்கிறாள். பிறகு அந்தக் கல்வியை விட்டுவிட்டு ஒரு பண்ணைக்காரரை மணந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, இப்போது கைம்பெண்ணாக இருக்கிறாள். பெற்றவர்களாலும் அவர்களோடு திரிந்தவர்களாலும் அடித்து வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டு, நெருப்பில் தள்ளப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். ஆஜியன் இறக்கிறார். டிராகன் கலெஸினின் முதுகில், உயிர் ஊசலாடும் நிலையில் கெட் வந்து சேர்கிறார். பெரிய நிகழ்ச்சிகளாகச் சொல்ல இவ்வளவுதான். மற்றவை ஆடு கறப்பதும், நூல் நூற்பதும், குழந்தைக்குச் சிவப்பு உடை தைப்பதும், இரவில் கதவைத் தாழிடுவதும்தான். ஆனால் அந்தத் தாழிடும் இடத்தில் உள்ள அச்சம் முதல் மூன்று நூல்களில் எந்த டிராகனிடமும் நாம் உணராத அச்சம். டெனார் ஒருகாலத்தில் மன்னர்கள் எழுந்து நின்று வரவேற்ற பெண். இன்று பாதையில் எதிரே வரும் ஆண்களைக் கண்டு மறைந்துகொள்ள வேண்டியவள். கடலுக்குப் போயிருந்த அவளுடைய மகன் திரும்பி வந்ததும், வழக்கப்படி பண்ணை அவனுக்கே சொந்தமாகிவிடுகிறது. அவன் தான் உண்ட தட்டையும் அப்படியே விட்டுப்போகிறான். அந்தத் தட்டைப் பார்த்து, தான் வளர்த்த பிள்ளை இப்படி ஆனதில் தன் பங்கு என்ன என்று அவள் யோசிக்கும் இடம் எனக்கு மிகப் பிடித்தது. ரோக் தீவின் ஆசான்கள் அடுத்த தலைமை மந்திரவாதியைத் தேடும்போது, கோன்டில் ஒரு பெண் என்று குறி கிடைக்கிறது. அந்தப் பெண்ணே அந்தப் பதவிக்கு உரியவளாக இருக்கக்கூடும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. முதல் நூலின் பழமொழிகள் இங்கேதான் தங்கள் உண்மையான பொருளோடு வெளிப்படுகின்றன.

கெட்டைப் பற்றிய உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். அவரை ஆசிரியர் சிறுமைப்படுத்திவிட்டார் என்பதை நான் ஏற்கவில்லை. அவர் ஆற்றலை இழந்தது நான்காம் நூலில் அல்ல. மூன்றாம் நூலின் முடிவில். சாவே இல்லாமல் வாழ ஆசைப்பட்ட காப், உயிர்க்கும் சாவுக்கும் இடையே திறந்துவைத்த வாசலை மூடுவதற்காகக் கெட் தம்மிடம் இருந்த அனைத்தையும் செலவழித்தார். அப்போது நாம் அதை மகத்தான தியாகம் என்று போற்றினோம். அவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டுக் கலெஸினின் மேல் ஏறிப் பறந்து போனதோடு கதை முடிந்தது. போன பிறகு என்ன நடந்திருக்கும் என்று நாம் கேட்கவில்லை. சிறு வயது முதல் மந்திரத்தைத் தவிர வேறு எதையும் அறியாத ஒருவர், அது இல்லாமல் போன மறுநாள் எப்படி இருப்பார்? வெட்கப்படுவார்; அரசனின் தூதர்கள் தேடி வந்தால் ஒளிந்துகொள்வார்; தம்மேலேயே கோபம் கொள்வார். மூன்றாம் நூல் விலையைச் சொன்னது. நான்காம் நூல் அந்த விலை செலுத்தப்படும் நாட்களைக் காட்டுகிறது. நீங்கள் நிறுத்திய இடம், அவர் தூதர்களிடமிருந்து தப்பி மலைக்கு ஆடு மேய்க்கப் போகும் இடம் என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். அவர் தம் வெட்கத்தின் அடித்தளத்தில் இருக்கும் நேரம் அது. இன்னும் சில அத்தியாயங்கள் போனால், அவர் மலையிலிருந்து இறங்கி வருவதையும், டெனாரும் அவரும் நடுவயதைக் கடந்த பிறகு ஒருவரையொருவர் அடைவதையும் காண்பீர்கள். அந்தப் பக்கங்களில் உள்ள கனிவு, மந்திரம் இருந்த கெட்டால் தர முடியாதது.

மறுபுறம், நூலின் குறைகள் என்று நான் கருதுபவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பென் என்ற மந்திரவாதிதான் இதன் தீயவன். பெண்களை வெறுப்பவன் என்பதைத் தவிர அவனுக்கு உள்ளே எதுவும் இல்லை. நிழலையும் காப்பையும் படைத்த கை இது. காப்பிடம் நாம் இரங்குவதற்கு ஓர் இடம் இருந்தது, அவனுடைய அச்சம் நம்முடைய அச்சமாகவும் இருந்தது. ஆஸ்பெனிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவன் டெனாரை வசியத்தால் கட்டி இழிவுபடுத்தும் காட்சி படிக்கக் கொடுமையானது; அதன் முடிவில் டிராகன் வந்து அவனை எரித்துவிடுவது நூலின் போக்குக்குப் பொருந்தாத அவசரம். நானூறு நாட்கள் பொறுமையாக நடந்துவந்ததுபோன்ற கதை, கடைசிச் சில பக்கங்களில் ஓடத் தொடங்கிவிடுகிறது. குழந்தையின் அழைப்பை ஏற்றுக் கலெஸின் வருவதும், அவளை மகள் என்று அழைப்பதும் அழகானவை, தொடக்கம் முதலே அதற்கான குறிப்புகளும் உண்டு. ஆனால் ஆண்களின் அன்றாடக் கொடுமையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய நூல், அந்தக் கொடுமைக்கான விடையை வானத்திலிருந்து வரவழைத்தது எனக்குக் குறையாகவே படுகிறது. உங்கள் அதிருப்தியில் ஒரு பகுதி இதைப் பற்றியதாக இருந்தால் நான் உங்கள் பக்கம்.

இளையோர் வரிசை என்ற பெயரும் இந்த நூலுக்குத் தீங்கு செய்திருக்கிறது. முதல் மூன்றும் பதின்வயதினரை நோக்கி எழுதப்பட்டவை. 'டெஹானு' பெரியவர்களின் களைப்பையும் மூப்பையும் உடலையும் பற்றிப் பேசுவது. அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் தரப்படும் நெபுலா விருதைப் பெற்றது என்பதும் அது பெரியவர்களின் நாவலாக வாசிக்கப்பட்டதற்கு ஓர் அடையாளம். ஒரே அலமாரியில் ஒரே அட்டை வடிவமைப்போடு அது நிற்பதால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்றாம் நூலை முடித்த கையோடு இதை எடுக்கிறது. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு நான் இதைத் தர மாட்டேன். குழந்தைக்கு நேர்ந்தது நேரடியாக வருணிக்கப்படவில்லை என்றாலும், அதன் பொருள் புரியும்போது தாங்குவது கடினம்.

ஐந்தாம் நூலான 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ'யின் முன்னுரையில், நான்காம் நூலைக் கடைசி நூல் என்று பெயரிட்டது தம் அறியாமை என்றும், கதைக்குள்ளும் காலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றும் லெ குவின் எழுதுகிறார். இதில் உள்ள 'த ஃபைண்டர்' என்ற நெடுங்கதை, ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களே ஒடுக்குமுறைக்கு எதிராக மறைவில் இயங்கிய பெண்களும் ஆண்களும்தான் என்றும், பெண்கள் பிற்காலத்தில்தான் வெளியேற்றப்பட்டார்கள் என்றும் சொல்கிறது. நிறுவனங்கள் தங்கள் தோற்றத்தை மறந்துவிடுவது உலகத்தில் நடப்பதுதான் என்பதால் இதை என்னால் நம்ப முடிகிறது. ஆனால் பழைய தவறு ஒன்றைத் திருத்துவதற்காகவே வரலாறு எழுதப்படுகிறது என்ற உணர்வு சில இடங்களில் எட்டிப்பார்க்கிறது. கதைமாந்தர்களைவிட ஆசிரியரின் நோக்கம் முன்னால் நிற்கிறது. கடைசிக் கதையான 'டிராகன்ஃப்ளை'யில் இந்தக் குறை இல்லை. ரோக் பள்ளியின் வாசலில் வந்து நிற்கும் இரியன் என்ற முரட்டுப் பெண், தான் யார் என்று தனக்கே தெரியாதவள். அவளை உள்ளே விடுவதா என்று ஆசான்கள் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். ஆறாம் நூல் இந்தக் கதையின் தோளில்தான் நிற்கிறது என்பதால், சிறுகதைகள்தானே என்று இந்தத் தொகுப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஆறாம் நூல் 'தி அதர் விண்ட்' 2002-இல் உலக மிகைபுனைவு விருது பெற்றது. மண்பாண்டங்களின் உடைசலை மந்திரத்தால் ஒட்டும் எளிய கைவினைஞன் ஆல்டரின் கனவுகளில் தொடங்குகிறது. இறந்த அவனுடைய மனைவி, சாவின் நிலத்தை எல்லைகட்டி நிற்கும் கற்சுவரின் மறுபக்கத்திலிருந்து கை நீட்டுகிறாள். மூன்றாம் நூலில் கெட்டும் ஆரெனும் கடந்து போன அதே வறண்ட நிலம் அது: விண்மீன்கள் அசையாத வானம், ஒருவரையொருவர் நேசித்தவர்கள்கூட அடையாளம் காணாமல் கடந்துபோகும் தெருக்கள். சாவு அப்படித்தான் இருக்கும், அதை ஏற்றுக்கொள்வதால்தான் உயிருக்கு மதிப்பு உண்டு என்பது மூன்றாம் நூலின் உள்ளம். பதினேழு வயது ஆரென் அந்த உண்மையைத் தாங்கிக்கொண்டு, வலியின் மலையைக் கெட்டைச் சுமந்தபடி ஏறியதால்தான் அரசனாகும் தகுதி பெற்றான். ஆறாம் நூலோ, அந்த நிலம் இயற்கையே அல்ல என்கிறது: மனிதர்களும் டிராகன்களும் ஒரே இனமாக இருந்து பிரிந்தபோது, விடுதலையை டிராகன்களும் உடைமையை மனிதர்களும் எடுத்துக்கொண்டார்கள், பிறகு பழங்கால மந்திரவாதிகள் இறவாமை வேண்டி டிராகன்களின் வெளியில் ஒரு பகுதியைத் திருடிச் சுவர் கட்டினார்கள், அவர்கள் திருடிய நொடியில் அங்கே காற்று நின்றுபோய், அது வறண்ட நிலமானது. நூலின் முடிவில் அந்தச் சுவர் இடிக்கப்படுகிறது.

இதுதான் நான் முன்பு சொன்ன வழக்கு. அறிவால் பார்க்கும்போது இந்தத் திருத்தம் வியக்கத்தக்கது. காப்பின் பேராசை ஒரு தனிமனிதனின் கோணல் அல்ல, மந்திரக் கலை முழுவதன் வேரிலும் அதே பேராசை இருந்தது என்று அது காட்டுகிறது. காட்டுமிராண்டிகள் என்று தீவுக்காரர்கள் இகழ்ந்த கார்க் மக்கள், இறந்தவர் மீண்டும் பிறப்பர் என்று நம்பி, சாவுக்குப் பிறகும் தன்னைத் தானாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இரங்கியது சரிதான் என்றும் ஆகிறது. முதல் நூலில் வெறும் எதிரிகளாக வந்தவர்களுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நியாயம் அது. ஆனால் மூன்றாம் நூலை நான் எந்த மனத்தோடு வாசித்தேனோ, அந்த மனம் இதை முழுவதும் ஏற்க மறுக்கிறது. சாவின் முன் கண்ணை மூடாமல் நிற்கக் கற்றுத்தந்த நூலிடம், நீ பார்த்தது சாவையே அல்ல, ஒரு பழைய திருட்டின் விளைவை என்று பின்னால் வந்து சொல்வது, ஆரெனின் அந்த மலையேற்றத்தின் பொருளைக் குறைக்கிறது என்றே தோன்றுகிறது. பல முறை வாசித்தும் இந்த இரண்டையும் என்னால் ஒன்றாக்க முடியவில்லை. தவிர, இந்த நாவலின் நடுப்பகுதியில் பேச்சு அதிகம்; ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த பழங்கதையின் ஒரு துண்டைச் சொல்ல, அவை சேர்ந்து விடையாகின்றன. முதல் நூலின் சிக்கனமான உரைநடையை நேசிப்பவர்களுக்கு இது தளர்வாகப் படலாம்.

அப்படியிருந்தும் அந்த நாவலில் கெட் எங்கே இருக்கிறார் என்பதற்காக அதை நீங்கள் வாசிக்க வேண்டும். உலகத்தின் அமைப்பையே மாற்றும் நிகழ்ச்சி ரோக் தீவில் நடக்கும்போது அவர் அங்கே இல்லை. கோன்டில் தம் வீட்டில், பிளம் மரத்தில் ஏணி வைத்துப் பழம் பறித்துக்கொண்டும், ஆடுகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டும் இருக்கிறார். தம்மைத் தேடிவந்த ஆல்டருக்குச் சாப்பாடு போட்டு, உறங்கும்போது துணை இருந்து, யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். டெனார் பெரிய காரியங்களுக்காகத் தலைநகரம் போய்த் திரும்பும்வரை வீட்டைக் காத்திருக்கிறார். நான்காம் நூலில் உங்களைப் புண்படுத்திய அதே ஆற்றலின்மை, இங்கே எந்தக் கசப்பும் இல்லாத ஒரு நிறைவாக ஆகிவிட்டிருப்பதைக் காண்பீர்கள். 'டெஹானு'வில் அவர் பட்ட வெட்கம் இல்லாமல் இந்த முதுமை வந்திருக்காது.

நீங்கள் தொடர வேண்டிய முறை இது. 'டெஹானு'வை இப்போது திறக்காமல், முதலில் 'அட்டுவான்' நாவலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மீண்டும் வாசியுங்கள். சிறிய நூல்தான், இரண்டு நாள் போதும். நீங்கள் நான்காம் நூலைக் கெட்டின் கதையாக எதிர்பார்த்துத் திறந்தீர்கள் என்று நினைக்கிறேன். அது டெனாரின் கதை. அவளை முதலில் சந்தித்துவிட்டு, ஹாவ்னோர் தெருவில் விட்ட இடத்திலிருந்து நேராக 'டெஹானு'வின் முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். அடுத்ததாக 'டேல்ஸ்' தொகுப்பு. நேரம் குறைவு என்றால் 'த ஃபைண்டர்', 'டிராகன்ஃப்ளை' இரண்டையும் மட்டுமாவது வாசியுங்கள். அதற்குப் பிறகு 'தி அதர் விண்ட்', அதை முடித்து ஓரிரு மாத இடைவெளி விட்டு மூன்றாம் நூல். 2018 ஜனவரியில் லெ குவின் மறைந்த பிறகு, அதே ஆண்டில் 'ஃபயர்லைட்' என்ற சிறுகதை வெளிவந்தது. கெட்டின் கடைசி நாட்களைப் பற்றியது. சார்லஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு ஐந்து நாவல்களையும் கதைகளையும் ஒன்றாகச் சேர்த்து 2018-இல் ஒரு பெருந்தொகுதி வந்தது. அதில் ஆசிரியர் எழுதிய முன்னுரையும் ஒவ்வொரு நூலுக்குமான பின்னுரைகளும், இங்கே நான் பேசிய மாற்றங்களை அவர் வாயிலாகவே கேட்கத் தருகின்றன. மூன்றாம் நூலை மறுபடி வாசித்து முடித்ததும், ஆரெனின் மலையேற்றத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதில் என்னோடு மாறுபடும் ஒருவரின் வாதத்தைக் கேட்க எனக்கு உண்மையிலேயே விருப்பம்.